மழை பிடித்ததிலிருந்து மைக்கில் உறுமலும் சடசடப்பும்

காவிரிக்கரையான்:
வணக்கம். திருவையாறு பக்கம் கிராமம். பெரியப்பா தேவாரம் பாடுவார், எழுபதைத் தாண்டிவிட்டார், குரல் இருக்கும்போதே பதிந்து வைப்போமே என்று சித்திரையில் ஒரு கண்டென்சர் மைக்கும், அதை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸும் வாங்கினேன். அப்போது திண்ணையில் வைத்துப் பதிந்தது அருமையாக வந்தது. ஐப்பசி மழை பிடித்து உள்ளறைக்கு வந்ததும் இரண்டு தொல்லை. அடியில் விடாமல் ‘ம்ம்ம்’ என்று ஒரு உறுமல், நடுநடுவே பொரி வறுப்பது போல சடசட. கேபிள் மாற்றியாச்சு. மைக்குக்கு மின்சாரம் கொடுக்கும் 48 வோல்ட் சுவிட்சும் போட்டுத்தான் இருக்கிறது. கடையில் கேட்டால் மைக் போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார்கள். அப்படியா?

குடமுருட்டி:
அவசரப்பட்டு வாங்காதீர்கள். திண்ணையில் லேப்டாப் பேட்டரியில் ஓடியதா? உள்ளே சார்ஜர் மாட்டியிருக்கிறீர்களா? அதைப் பிடுங்கிவிட்டு ஒரு நிமிடம் பதிந்து பாருங்கள். உறுமல் நின்றால் மைக் மேல் குற்றமில்லை, எர்த் கோளாறு. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், எர்த் சரியில்லாவிட்டால் அதுதான் பதிவில் வந்து உட்காரும். மைக்கைத் தொட்டால் விர்ரென்று இருந்தாலும் அதே கதைதான்.

பழைய மைக்செட்காரன்:
தம்பி, சடசடப்பு ஈரம். கண்டென்சர் மைக்கின் உள்ளே மெல்லிய தகட்டில் மின்னூட்டம் நிற்க வேண்டும், ஈரம் ஏறினால் அது கசியும், அதுதான் பொரிகிறது. காற்றுப் புகாத டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளோடு இரண்டு நாள் மூடி வை. அரிசிக்குள் புதைக்காதே, மாவுத் தூசி உள்ளே போகும். ஹேர் டிரையர் சூடும் ஆகாது. நீல ஜெல் இளஞ்சிவப்பானால் வறுத்து ஈரம் போக்கிக்கொள்ளலாம், ஆனால் சமையல் சட்டியில் வேண்டாம், அந்த நிறம் விஷம். பாடும்போது வாய்க்கும் மைக்குக்கும் நடுவே பாப் ஃபில்டர் என்ற திரையை வை, எச்சில் படாது. அப்புறம் ‘ஹலோ மைக் டெஸ்ட்’ என்று ஊதிப் பார்க்கும் ஆள் யாராவது வீட்டில் இருந்தால் பக்கத்திலேயே விடாதே. நான் நாற்பது வருஷம் கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் டைனமிக் மைக்காகவே கட்டியதற்குக் காரணம், அது ஈரம், ஊதல், கீழே விழுவது எல்லாவற்றையும் தாங்கும், 48 வோல்ட்டும் கேட்காது.

காவிரிக்கரையான்:
அண்ணே, இரண்டு பேர் சொன்னதும் சரி. சார்ஜரைப் பிடுங்கியதும் உறுமல் போயே போச்சு. பார்த்தால் உள்ளறையில் த்ரீ பின் பிளக்கை டூ பின் அடாப்டரில் சொருகியிருந்தேன், எர்த்தே இல்லை. எலக்ட்ரீஷியனிடம் பிளக் பாயின்ட் மாற்றச் சொல்லியாச்சு. டப்பாவில் இரண்டு ராத்திரி இருந்ததும் சடசடப்பும் இல்லை. இப்போது வயலில் தவளை கத்துவதுதான் பதிகிறது, அதற்கும் ஏதாவது டப்பா உண்டா?

குடமுருட்டி:
மைக் கார்டியாய்டு, அதாவது முன்பக்கச் சத்தத்தையே அதிகம் எடுக்கும் வகை என்றால் அதன் முதுகை ஜன்னல் பக்கம் திருப்பி வையுங்கள், பின்னால் வரும் சத்தத்தை அது குறைவாகத்தான் எடுக்கும். பெரியப்பாவையும் இன்னும் ஒரு சாண் கிட்டே உட்காரவைத்து இன்டர்ஃபேஸில் கெயினை, அதாவது மைக் சத்தத்தைப் பெருக்கும் அளவை, குறையுங்கள். மிச்சத் தவளைக்குத் தை வரை பொறுக்க வேண்டியதுதான்.