முள்ளு கத்திரிக்காயா, வெண்டைக்காயா? எதில் சத்து அதிகம்?

காட்பாடி மருமகள்:
மாமியாருக்குப் பிறந்த ஊர் வேலூர் மாவட்டத்து இலவம்பாடிப் பக்கம். அங்கிருந்து யார் வந்தாலும் கூடவே ஒரு பை முள்ளு கத்திரிக்காயும் வந்துவிடும். காம்பை நறுக்கும்போது முள் கையைப் பதம் பார்க்கும், ஆனால் ருசியைக் குறை சொல்ல முடியாது. பாதி நாள் எங்கள் வீட்டில் அதுதான். இப்போது மாமனாருக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் நாத்தனார் போன் போட்டு, "கத்திரிக்காயில என்ன இருக்கு, வெறும் தண்ணி. வெண்டைக்காய் செஞ்சு போடுங்க" என்கிறார். மாமியார் அதிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். யாராவது கணக்கோடு சொல்லுங்களேன், இரண்டு பேரிடமும் காட்டிவிடுகிறேன்.

அணைக்கட்டு ஆள்:
எங்கள் இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள், அதைப் போய் வெறும் தண்ணி என்பதா! கத்திரிக்காயில் நூற்றுக்கு 92 பங்கு தண்ணீர் என்பது சரிதான். வெண்டைக்காயிலும் 90 இருக்கிறதே, அதை உங்கள் நாத்தனாரிடம் யாரும் சொல்லவில்லையா?

சத்துவாச்சாரி டீச்சர்:
மனையியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள், அதனால் சொல்கிறேன். குறியீடு ஊருக்கும் ருசிக்கும் கிடைத்தது தம்பி, சத்துக்கு இல்லை. 100 கிராம் பச்சைக் காயில் சுமாரான கணக்கு இது. சுண்ணாம்புச் சத்து வெண்டையில் 82 மில்லிகிராம், கத்திரியில் 9. வைட்டமின் சி வெண்டையில் 23, கத்திரியில் 2. மாசமாக இருப்பவர்களுக்கு முக்கியமான ஃபோலேட் என்ற பி வைட்டமினும் வெண்டையில்தான் அதிகம், கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆக, நாத்தனார் கட்சி ஜெயித்தது.

ஆனால் கேள்வி சர்க்கரையைப் பற்றியது அல்லவா? நார்ச்சத்து இரண்டிலும் 3 கிராம் ஒட்டி. மாவுச்சத்து இரண்டிலும் குறைவு, கத்திரியில் இன்னும் கொஞ்சம் குறைவு. மாமனார் எதைச் சாப்பிட்டாலும் காயால் சர்க்கரை எகிறாது. பக்கத்தில் இருக்கும் சோற்றைப் பாருங்கள்.

கத்திரிக்காயில் வில்லங்கம் எண்ணெய்தான். வாணலியில் ஊற்றியதையெல்லாம் பஞ்சு மாதிரி உறிஞ்சிவிட்டு, அடி காய்ந்து கிடக்கும். நாமும் "பிடிக்கிறதே" என்று இன்னொரு கரண்டி ஊற்றுவோம். கால் கிலோ கத்திரிக்காயே 60 கலோரி சொச்சம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120. காயைவிட எண்ணெய்தான் வயிற்றுக்குள் போகிறது. தோலை மட்டும் சீவிவிடாதீர்கள், அந்த ஊதா நிறத்தில்தான் ஆந்தோசயனின் என்ற நிறமிச் சத்து இருக்கிறது.

வெண்டையையும் நாம் விடுவதில்லை. வழவழப்பு போகவேண்டும் என்று மொறுமொறுவென வறுத்தால் வைட்டமின் சி பெருமளவு போய்விடும். அந்த வழவழப்பே கரையும் நார்ச்சத்து. சர்க்கரை ரத்தத்தில் மெதுவாக ஏற அது உதவும். புளிக்குழம்பில் போட்டால் குழம்போடு உள்ளே போய்விடும்.

ஆம்பூர் மச்சான்:
பிரியாணிக்குப் பக்கத்தில் வெண்டைக்காயை வைத்துப் பாருங்கள், எங்கள் ஊரில் அடிக்க வருவார்கள். அதுசரி டீச்சர், கத்திரிக்காய் தின்றால் அரிப்பு வரும் என்று எங்கம்மா தொடவே விடாது. உண்மையா?

சத்துவாச்சாரி டீச்சர்:
சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, அது உண்மை. அப்படிப்பட்டவர்கள் விட்டுவிடலாம். ஒத்துக்கொள்கிறவர்கள் அதற்காகப் பயப்பட வேண்டாம்.

காட்பாடி மருமகள்:
ரொம்ப நன்றிங்க டீச்சர். நாத்தனார் மாசமாக இருக்கிறார், அந்த ஃபோலேட் கணக்கு அவருக்குத்தான் முதலில் போகும். மாமியாரிடம் எண்ணெய் விஷயத்தை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. எண்ணெய் மிதக்காவிட்டால் அது குழம்பே இல்லை என்பார்.

சத்துவாச்சாரி டீச்சர்:
மாசமாக இருப்பவர் டாக்டர் கொடுத்த ஃபோலிக் மாத்திரையை நிறுத்தக்கூடாது, வெண்டைக்காய் அதற்குப் பதில் ஆகாது. மாமியாரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். நான்காகக் கீறிய காயை இட்லிப் பானையில் அரைவேக்காடாக எடுத்து, அப்புறம் தாளிப்பில் போடுங்கள். வெந்த காய் அவ்வளவாக எண்ணெய் குடிக்காது, ஊற்றிய கொஞ்சம் மேலேயே நிற்கும்.