முகாமில் எல்லாருக்கும் தைராய்டு டெஸ்ட் தேவையா?

காசிமேடு செல்வி:
எங்க குடியிருப்போர் சங்கம் அடுத்த மாசம் ரத்தப் பரிசோதனை முகாம் வைக்குது. சுகர், கிரியேட்டினின் (சிறுநீரகச் சோதனை) முடிவாயிடுச்சு. 30 வயசு தாண்டின எல்லாருக்கும் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டுற ஹார்மோன்; தைராய்டு சுரப்பு குறைஞ்சா இது ஏறும்) சேர்க்கணும்னு நான் சொல்றேன். சென்னை உட்பட 8 நகரங்கள்ல 5,376 பேரைப் பார்த்த 2013 ஆய்வுல, 10.95 சதவீதம் பேருக்கு தைராய்டு சுரப்புக் குறைவு. அசதி, மலச்சிக்கல், முடி கொட்டுறது எல்லாத்தையும் வேலைக் களைப்புன்னே நம்ம ஜனங்க தள்ளிவிடுறாங்க.

ராயபுரம் மருத்துவர்:
மேடம், அந்தக் கணக்கைப் பிரிச்சுப் பாருங்க. 7.48 சதவீதம் பேர் தங்களுக்கு இருக்குன்னு ஏற்கெனவே தெரிஞ்சவங்க. புதுசா சிக்கினது 3.47 சதவீதம்தான். ஆனா அதே ஆய்வுல 8.02 சதவீதம் பேருக்கு டி.எஸ்.எச். மட்டும் கூடி, ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்குற ஹார்மோனோட அளவு) சரியா இருந்துச்சு. என் கவலை இவங்களைப் பத்திதான். ரிப்போர்ட்ல டி.எஸ்.எச். 6.2னு தடித்த எழுத்துல வந்ததும் தைராய்டு ஹார்மோன் மாத்திரை ஆரம்பிச்சிடுவாங்க. 65 வயசுக்கு மேற்பட்ட 737 பேரை வச்சு 2017-ல வந்த ஐரோப்பிய ஆய்வுல, இப்படிப்பட்டவங்களுக்கு மாத்திரையால அசதி குறையல. மாத்திரை அளவு கூடினா இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். அறிகுறி இல்லாதவங்களுக்கு இந்தச் சோதனை வேண்டாம்னு கனடா 2019-ல சொல்லிடுச்சு.

காசிமேடு செல்வி:
3.47-ஐ "தான்"னு சொல்லாதீங்க டாக்டர். 200 பேர் வந்தா 7 பேர். கனடாவுல அவங்களுக்குக் குடும்ப டாக்டர் இருப்பார். இங்க காய்ச்சல் வந்தாத்தான் கிளினிக் படியே ஏறுறாங்க.

தண்டையார்பேட்டை லேப் டெக்னீஷியன்:
எடுக்கிறதா இருந்தா ஒழுங்கா எடுங்க. டி.எஸ்.எச். ராத்திரி ஏறி, மத்தியானம் இறங்கும். துறைமுகத்துல நைட் ஷிஃப்ட் முடிச்சு நேரா வர்றவங்களுக்குத் தூக்கம் மாறினதாலயே எண் கூடித் தெரியலாம். ஃபார்ம்ல ஷிஃப்ட்டையும் ரத்தம் எடுத்த மணியையும் எழுதுங்க, ரெண்டாவது தடவையும் அதே நேரத்துல எடுக்கணும். பெரிய காய்ச்சல்ல இருந்து தேறி வர்றவங்களுக்கும் கொஞ்ச நாள் ஏறி நிக்கும், 6 வாரம் கழிச்சு வரச் சொல்லுங்க.

முடிக்குச் சாப்பிடுற பயோட்டின் மாத்திரை இன்னொரு தொல்லை. பல மெஷின்கள்ல அது டி.எஸ்.எச்.சைக் குறைச்சும் டி4-ஐக் கூட்டியும் காட்டும். அதிகச் சுரப்பு நோய் மாதிரியே இருக்கும். 2 நாள் முன்னாடியே நிறுத்தச் சொல்லணும். அப்புறம், டி.எஸ்.எச். எல்லை தாண்டினா அதே சீரம்லயே ஃப்ரீ டி4 ஓட்டச் சொல்லி லேப்கிட்ட முன்கூட்டியே பேசிடுங்க, ரெண்டாவது ஊசி மிச்சம்.

எண்ணூர் வாசகர்:
அப்படியே கழுத்து ஸ்கேனும் வச்சா என்ன?

ராயபுரம் மருத்துவர்:
தயவுசெஞ்சு வேண்டாம். தென் கொரியாவுல அப்படிச் செஞ்சு, 1993-க்கும் 2011-க்கும் நடுவுல தைராய்டு புற்றுநோய்க் கணக்கு 15 மடங்கு ஏறிச்சு. சாவு எண்ணிக்கை மாறவே இல்ல.

ரத்தத்துக்கு வர்றேன். முதல்ல கேள்வி கேளுங்க: கர்ப்பம் தரிக்கத் திட்டமா, குடும்பத்துல தைராய்டு உண்டா, கழுத்துல வீக்கமா, கெட்ட கொழுப்பு அதிகமா, லித்தியம் (மனநல மருந்து) இல்ல அமியோடரோன் (இதயத் துடிப்பு மருந்து) சாப்பிடுறாங்களா? ஒண்ணுக்காவது ஆமாம்னா எடுங்க.

காசிமேடு செல்வி:
கூட்டத்துல நின்னுக்கிட்டு அசதி, மாதவிடாய்னு எந்தப் பொம்பளை வாய் திறப்பா? தனி மேசை போட்டு, ஒரு நர்ஸம்மா உக்காந்து கேட்டா உங்க வழிக்கு வர்றேன். இல்லேன்னா எல்லாருக்கும்தான்.

ராயபுரம் மருத்துவர்:
தனி மேசை நியாயம். கூடவே ரெண்டாவது தேதியையும் இப்பவே போடுங்க. ஃப்ரீ டி4 சரியா இருந்து, டி.எஸ்.எச். 10-க்குள்ள இருந்தா, 2 மாசம் கழிச்சு டிபிஓ ஆன்டிபாடியோட (உடம்பே தைராய்டைத் தாக்குதான்னு காட்டுற சோதனை) மறுபடி பார்க்காம மாத்திரை வேண்டாம்னு ரிப்போர்ட்லயே தமிழ்ல அச்சடிங்க. கர்ப்பிணிகளுக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு கிடையாது, அன்னிக்கே மகப்பேறு மருத்துவரைப் பார்க்கணும்.