பெயிண்ட்பால்: பாட் பையில் பட்ட குண்டுக்கு இரண்டு பேர் வெளியேற வேண்டுமா?

ஸ்நேக் ஓரம் எழுதியது:

வணக்கம். நான் பெயிண்ட்பால் ஐவர் அணிப் போட்டிகளில் ஸ்நேக் (களத்தின் ஓரமாகத் தரையோடு நீளும் தாழ்ந்த தடுப்பு) பக்கம் ஆடுகிறவன். அண்மையில் ஒரு போட்டியில் எங்கள் அணிக்கு எதிராகக் கொடுக்கப்பட்ட தீர்ப்பு இன்னும் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. நடுவர் மேல் புகார் இல்லை. விதிப்புத்தகத்தில் இருப்பதைத்தான் அவர் செய்தார். எனக்கு வழக்கு அந்த விதியோடுதான்.

ஆட்டம் சமநிலையில் இருந்தது, கடைசிப் புள்ளி. எங்கள் பக்கம் மூன்று பேர், எதிரணியில் இரண்டு பேர். நான் ஸ்நேக்கின் உள்ளே வயிற்றால் ஊர்ந்து ஐம்பதை, அதாவது களத்தின் நடுக்கோட்டை, தாண்டிவிட்டேன். எழுந்து, மூலை பங்கரில் (மறைந்துகொள்ளும் தடுப்பில்) இருந்தவரைப் பக்கவாட்டில் சுட்டு வெளியேற்றினேன். திரும்பிப் படுப்பதற்குள் நடுவர் ஓடிவந்து என் முதுகைப் பார்த்தார். இடுப்பில் கட்டும் பாட் பையில், இரண்டு பாட்களுக்கு (உபரிக் குண்டுக் குழாய்களுக்கு) நடுவே துணி மடிந்து கிடக்கும் இடத்தில், மஞ்சள் பெயிண்ட். நான் அவுட். பெயிண்ட் பட்ட பிறகும் ஆடியதற்காக 'ஒன்றுக்கு ஒன்று' என்று என் சக வீரனையும் வெளியே அனுப்பினார். களத்தின் மறுபக்கமான டொரிட்டோ பக்கத்தில் அவன் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். புள்ளி போயிற்று, ஆட்டமும் போயிற்று.

அந்தக் குண்டு பட்டதை நான் எப்படி அறிவேன்? ஸ்நேக்கில் படுத்திருப்பவனின் உடம்பிலேயே உயரமான இடம் அந்தப் பைதான். தோலில் படவில்லை, சட்டையில் படவில்லை. பட்டது 140 குண்டுகள் நிறைந்த பிளாஸ்டிக் குழாய்களைச் சுற்றியிருக்கும் தடித்த துணியில். காதருகே என் மார்க்கர் (சுடும் கருவி) அடித்துக்கொண்டிருக்கிறது, அதற்குக் குண்டு ஊட்டும் லோடர் சுழல்கிறது, தலைக்கு மேல் எதிரணியின் குண்டுகள் ஸ்நேக்கின் உறையில் படபடவென்று மோதுகின்றன. அத்தனை சத்தத்தில் ஒரு குண்டு பையில் உடைந்ததை எந்தக் காதால் கேட்பது?

உடம்பிலும் சுமையிலும் எங்கே பட்டாலும் அது அந்த வீரரின் பொறுப்பு என்ற விதி காட்டில் ஆடிய காலத்தில் பிறந்தது. 1981இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் 12 பேர் ஆடிய முதல் ஆட்டத்தில் இருந்தது நெல்ஸ்பாட் 007. மரங்களிலும் மாடுகளிலும் குறியிடுவதற்காகச் செய்த கருவி. ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுத்து ஆயத்தம் செய்ய வேண்டும். அன்று ஒருவர் சுட்டால் காடே திரும்பிப் பார்க்கும். உங்கள் மேல் பட்டது உங்களுக்குத் தெரியாமல் போக வழியே இல்லை. இன்று ஒரே ஆள் நொடிக்குப் பத்துக் குண்டு வீதம் ஸ்நேக்கின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருக்கிறார். ஆட்டம் இவ்வளவு மாறியபின் அந்த விதி மட்டும் ஏன் அப்படியே இருக்க வேண்டும்?

பையில் படுவதைக் கணக்கில் எடுக்கவே கூடாது என்பது என் கருத்து. அப்படியே எடுத்தாலும், வீரருக்குத் தெரிய வாய்ப்பே இல்லாத அடிக்கு இன்னொருவரைத் தண்டிப்பது அநியாயம். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள். சண்டைக்கு வரவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

கோடுபோட்ட சட்டை எழுதியது:

பல ஆண்டுகளாக நடுவராக நிற்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பை. அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் அடுத்த போட்டியிலேயே என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான்கு பாட் போதும் என்றிருக்கும் முன்வரிசை வீரர் எட்டுப் பாட் பையோடு வருவார். ஓடும்போது முதுகைக் குண்டு வரும் பக்கம் காட்டிக்கொண்டு ஓடுவார். மார்க்கரும் லோடரும் இதே காரணத்துக்காகத்தான் உடம்பின் பகுதியாகக் கருதப்படுகின்றன. பங்கரின் ஓரத்தில் எட்டிப் பார்க்கும் வீரரிடம் முதலில் வெளியே தெரிவது லோடர். அதில் பட்டால் அவுட் இல்லை என்று சொல்லிவிட்டால் எல்லோரும் லோடரைக் கேடயமாகப் பிடித்துக்கொள்வார்கள். ஆகவே பையில் பட்டாலும் அவுட்தான். இதில் நான் இம்மியும் நகர மாட்டேன்.

இரண்டாவது கேள்வி வேறு. வீரர் பார்க்கக்கூடிய, உணரக்கூடிய இடத்தில் பட்ட அடி ஒன்று, அவரால் அறிய முடியாத இடத்தில் பட்ட அடி இன்னொன்று. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும் விதிப்புத்தகங்கள் இருக்கின்றன. பிரிக்காதவையும் இருக்கின்றன. உங்கள் போட்டியின் புத்தகம் இரண்டாம் வகை போலிருக்கிறது. கண்ணாடியில் பெயிண்ட் வழிய ஒருவர் தொடர்ந்து சுட்டால் அது ஏமாற்று. பையில் பட்டு ஆடியது அப்படியல்ல. எனக்கும் அது தெரியும். களத்தில் நிற்கும் நடுவர் வீரரின் மனத்தைப் பார்க்க முடியாது, உடம்பைத்தான் பார்க்கிறார். பட்ட கணத்தில் தோள் சுருங்கியதா, கை பின்னால் போயிற்றா, சுடுவதை ஒரு நொடி நிறுத்திவிட்டுத் தொடர்ந்தாரா என்று கவனிப்போம். இவை எதுவும் இல்லையென்றால் அவருக்குத் தெரியாது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

ஆனாலும் உங்கள் ஆட்டத்தில் அந்த இரண்டாவது ஆள் வெளியேறியது சரி என்றே சொல்வேன். கோபப்படாமல் கணக்கைப் பாருங்கள். மூன்றுக்கு இரண்டு. உங்கள் பையில் பட்ட கணத்திலேயே நான் பார்த்திருந்தால் நீங்கள் வெளியே போயிருப்பீர்கள். இரண்டுக்கு இரண்டு, சமம். ஆனால் பெயிண்டோடு எழுந்து ஒருவரை வெளியேற்றிவிட்டீர்கள். அவர் நடந்துபோய்விட்டார், அவரைத் திரும்ப அழைக்க முடியாது. உங்களை மட்டும் அனுப்பினால் இரண்டுக்கு ஒன்று, உங்கள் அணிக்கு ஆதாயம். இன்னொருவரையும் எடுத்தால் பக்கத்துக்கு ஒருவர், மறுபடியும் சமம். உங்கள் தோழரை யாரும் குற்றவாளியாக்கவில்லை. எதிரணி இழந்த ஆளுக்கு அது ஈடு.

நீங்கள் யாரையும் சுடாமல் படுத்துக்கிடந்து, அப்போது நான் பெயிண்டைக் கண்டிருந்தால்? அங்கே இரண்டாவது ஆளை எடுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. பல உள்ளூர்ப் புத்தகங்கள் அதற்கும் எடுக்கச் சொல்கின்றன. அதுதான் காலாவதியான பகுதி. எழுவர் அணி ஆட்டம் ஒருமுறை ஆடினால் முடிந்தது. அங்கே ஈடு கட்ட நடுவர் கையில் ஆட்களைத் தவிர வேறு எதுவும் இல்லை. பெயிண்டைத் துடைத்தவருக்கு 'ஒன்றுக்கு மூன்று' என்றுகூடக் கொடுத்தார்கள். எக்ஸ்பால் என்ற ஆட்டமுறை வந்தபின் ஒரே ஆட்டத்தில் புள்ளிக்குப் புள்ளி ஆடுகிறோம், கடிகாரம் ஓடுகிறது, ஐஸ் ஹாக்கியைப் போலத் தண்டனைப் பெட்டியும் வந்தது. தவறின் அளவுக்குத் தக்கபடி நிமிடங்களைக் கூட்டலாம், குறைக்கலாம். அந்த வசதி கையில் இருந்தும் பழைய வெட்டுக்கத்தியையே தூக்குவானேன்?

பழைய பம்ப் எழுதியது:

நடுவர் ஐயா சொன்ன கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேள்வி கேட்டவரின் வலி எங்கிருந்து வருகிறது என்பதை யாரும் தொடவில்லை. அவர் மேல் பட்ட அந்தக் குண்டை எந்த விரலும் சுடவில்லை!

புதியவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு இழுப்புக்கு ஒரு குண்டு, அதுதான் பழைய விதி. எலக்ட்ரானிக் மார்க்கர்கள் வந்ததும் அது ஆட்டம் கண்டது. விசை லேசாக அதிர்ந்தாலே மார்க்கரின் மின்சுற்றுப் பலகை அதைப் பல இழுப்புகளாக எண்ணிக்கொள்ளும். சிலர் அப்படி எண்ணும்படி வேண்டுமென்றே மென்பொருளை மாற்றினார்கள். சோதனை மேசையில் ஒழுங்காகச் சுடும் மார்க்கர் களத்தில் தன் குணத்தைக் காட்டும். நடுவர்களால் பிடிக்க முடியவில்லை. 2000களின் நடுவில் ஒரு பெரிய தொடர் கையை உயர்த்திவிட்டு, 'ரேம்பிங் (மார்க்கரே வேகத்தைக் கூட்டிச் சுடுவது) செய்துகொள்ளுங்கள், ஆனால் நொடிக்கு 15 குண்டுக்கு மேல் கூடாது' என்றது. பிறகு படிப்படியாகக் குறைத்து இன்று 10 சொச்சத்தில் நிற்கிறது.

அந்த உச்சவரம்பு நல்ல விதி. நொடிக்குப் பத்து என்றால் இரண்டு குண்டுகளுக்கு இடையே ஏறக்குறைய 0.1 நொடி. மைக் வைத்த டைமரைப் பக்கத்தில் பிடித்தால் அளந்துவிடலாம். யாருடைய நேர்மையையும் நம்பியிருக்க வேண்டியதில்லை. முதல் மூன்று குண்டுகளை மட்டும் விரலால் சுட வேண்டும், அதன்பின் விசையைத் தட்டிக்கொண்டிருந்தால் மார்க்கரே பார்த்துக்கொள்ளும் என்ற பகுதிதான் எனக்கு ஒத்துவரவில்லை. அந்த மூன்று குண்டுகள் எந்தத் திறமையைச் சோதிக்கின்றன? ஏமாற்றைப் பிடிக்க முடியாத காலத்தில் செய்துகொண்ட சமரசம் அது. இன்று அதையே ஆட்டத்தின் இயல்பாக நினைத்துக்கொண்டு ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. வரம்பைப் பத்திலேயே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு இழுப்பு என்று திரும்பிப் போய்ப் பாருங்கள். ஸ்நேக் விளிம்பின் மேல் நிமிடக்கணக்கில் குண்டு மழை பெய்ய முடியாது. குறிபார்த்துத்தான் சுட வேண்டும். மெக்கானிக்கல் மார்க்கர் பிரிவுகளுக்கு இப்போது இவ்வளவு அணிகள் வருவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அங்கே முன்வரிசை வீரருக்கு நகர இடம் கிடைக்கிறது.

பிட் ஓரம் எழுதியது:

பயிற்சியாளர் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை.

'சந்தேகம் இருந்தால் நடுவரைக் கூப்பிட்டுச் சோதிக்கச் சொல்' என்று எல்லோரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். பழைய பத்துப்பேர் ஆட்டத்தில் அதற்குப் பொருள் இருந்தது. சோதிக்கும் நேரத்தில் அந்த வீரர் நடுநிலை, அவரும் சுடக்கூடாது, அவரையும் சுடக்கூடாது. அதையும் கெடுத்தார்கள். எதிரணி பங்கரை நோக்கி ஓடிவரும்போது 'இவர் மேல் பெயிண்ட் இருக்கிறது, பாருங்கள்' என்று கத்தி ஓட்டத்தை உடைத்தார்கள். அதனால் இப்போது ஆட்டம் ஓட ஓடவே சோதனை. நடுவர் ஸ்நேக் பக்கம் குனிந்த உடனே எங்கே ஆள் இருக்கிறது என்று எதிரணிக்குத் தெரிந்துவிடும். 150 அடிக்கு 120 அடிக் களத்தில் அந்தத் தகவல் ஒரு ஆளுக்குச் சமம். எந்த முன்வரிசை வீரர் கூப்பிடுவார்? கேட்டால் இடம் தெரிந்துவிடும், கேட்காவிட்டால் பெனால்டி என்று வீரரை இரண்டு பக்கமும் நெருக்குவது விதியே ஆகாது.

பங்கரின் பின்னால் இருக்கும் என் வீரரின் முதுகு பிட்டிலிருந்து (களத்துக்கு வெளியே அணி நிற்கும் இடத்திலிருந்து) எனக்கு நன்றாகத் தெரிகிறது. களத்துக்கு வெளியிலிருந்து குரல் கொடுக்கலாமா கூடாதா என்பதில் தொடருக்குத் தொடர் விதி மாறுகிறது. அனுமதி உள்ள இடத்தில் 'பையில் பட்டுவிட்டது, வெளியே வா' என்று நான் கத்துவேன். கத்தியும் இருக்கிறேன். எங்கள் அணியில் அது ஒப்பந்தம்.

ஸ்நேக் ஓரம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. குறிப்பாக நடுவர் ஐயாவுக்கு. தண்டனை என்று நான் பார்த்ததை ஈடு என்று நீங்கள் காட்டியபின் கணக்கு வேறு மாதிரி தெரிகிறது. அந்தப் புள்ளியைப் பற்றி இனி வாதாட மாட்டேன். ஆனால் விதிப்புத்தகத்தில் அது ஈடு என்று எழுதப்படவில்லை. 'பெயிண்டோடு ஆடினால் ஒன்றுக்கு ஒன்று' என்று ஒரே வரிதான். கண்ணாடியில் வழிந்தாலும் அதே, பையின் அடியில் பட்டாலும் அதே. யாரையும் சுடாமல் படுத்திருந்தாலும் அதே. போட்டி முடிந்த பிறகு என் தோழனிடம் இரண்டு பேர் வந்து 'உங்கள் ஆள் ஏமாற்றினானாமே' என்று கேட்டிருக்கிறார்கள். அந்த ஒரே வரி செய்கிற வேலை இது.

அமைப்பாளர்களுக்கு இப்படி எழுதலாம் என்றிருக்கிறேன்: பையிலும் முதுகிலும் பட்டால் வீரர் அவுட், அதில் மாற்றமில்லை. வீரர் அறிய முடியாத இடத்து அடிக்கு, அதன்பிறகு அவர் எதிரணி வீரர் யாரையாவது வெளியேற்றியிருந்தால் மட்டும் இன்னொரு ஆளை எடுக்க வேண்டும். குறிப்பேட்டில் அதை 'ஈடு' என்று பதிய வேண்டும், வீரர் பெயரில் குற்றமாக ஏற்றக்கூடாது. தெரிந்தே ஆடியவருக்கும் துடைத்தவருக்கும் இப்போதுள்ளதைவிடக் கடுமையாகவே இருக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை.

ரேம்பிங் பற்றிச் சொன்னவருக்கு: முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் இரண்டையும் ஒரே கடிதத்தில் வைத்தால் பெரியதைக் காரணம் காட்டிச் சிறியதையும் தள்ளிவிடுவார்கள். அதைத் தனியாக எழுதுவோம், நானும் கையெழுத்திடுகிறேன்.

கோடுபோட்ட சட்டை எழுதியது:

நல்ல வரைவு. ஒரு ஓட்டை இருக்கிறது, அடைத்துவிடுங்கள். பெயிண்ட் முந்தியதா, உங்கள் குண்டு முந்தியதா என்பது பல நேரம் நடுவருக்கே தெரியாது. நீங்கள் எழுந்து சுடும் அதே நொடியில் உங்கள் பையிலும் பட்டிருக்கலாம். அப்படியிருந்தால் இரண்டு பேரும் அவுட், ஈடு கேட்க எதுவும் இல்லை. ஆகவே 'எது முந்தியது என்று நடுவர் உறுதியாகப் பார்த்திருந்தால் மட்டும்' என்று ஒரு வரி சேருங்கள். அது இல்லாமல் போனால் எதிரணிப் பயிற்சியாளர்கள் ஒவ்வொரு பை அடிக்கும் ஈடு கேட்டு எங்கள் காதைத் துளைப்பார்கள்.

நடுவர்கள் பக்கத்திலிருந்தும் ஆதரவுக் கடிதம் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன். அடுத்த போட்டியின் கள வரைபடம் வெளியாகும் முன் அனுப்பிவிடுங்கள். வரைபடம் வந்துவிட்டால் எல்லா அணிகளும் அதிலேயே மூழ்கிவிடும், விதிப்புத்தகத்தை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.