பெல்ட்டால் ரத்தம் நிற்குமா? குண்டுவெடிப்புக்குப் பிறகு முதல் பத்து நிமிடம் (இணைய விவாதம்; ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

கட்டுத்துணி
அமெரிக்காவின் போஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பு, 2013 ஏப்ரல் 15. கதை எல்லோருக்கும் தெரியும், நேரே விஷயத்துக்கு வருகிறேன். கால் சிதைந்தவர்களுக்கு அந்த இடத்திலேயே போட்ட டூர்னிக்கெட்டுகள் (ரத்தத்தை நிறுத்தக் கை, காலை இறுக்கும் கட்டு) கைக்குக் கிடைத்த துணியும் ரப்பர் குழாயும்தான். உயிர்கள் பிழைத்தன, சரி. ஆனால் அரைகுறையாக இறுக்கினால் சிரை மட்டும் அடைபடும், தமனி ஓடிக்கொண்டே இருக்கும். ரத்தம் முன்னைவிட அதிகமாகக் கொட்டும். படங்களில் பெல்ட்டைச் சுற்றிவிட்டு ஹீரோ ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் இதுதான் உறுத்துகிறது.

துணி 4–5 செ.மீ. அகலம் வேண்டும், கயிறு கூடாது. காயத்துக்கு 5–8 செ.மீ. மேலே, மூட்டின் மேல் படாமல் ஒரு முடிச்சு. அதன்மேல் உறுதியான கம்பு ஒன்றை வைத்து இன்னொரு முடிச்சு போட்டு, ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். பேனா ஒடிந்துவிடும். முறுக்கிய கம்பு திரும்பச் சுழலாதபடி அதையும் கட்ட வேண்டும். அடிபட்டவர் வலியில் கத்துவார், தளர்த்தாதீர்கள்.

வார்டு ஏழு
கம்பு தேடி அலைகிற நேரத்தில் கை சும்மாவா இருக்கும்? முதலில் உள்ளங்கையை வைத்து முழு எடையையும் போட்டு அழுத்துங்கள். இடுப்பு மடிப்பு, அக்குள், கழுத்தடி இங்கெல்லாம் டூர்னிக்கெட் போட முடியாது. துணியைக் காயத்துக்குள்ளேயே விரலால் திணித்து, இடம் நிரம்பியதும் மேலே அழுத்தியபடி பத்து நிமிடம் இருக்க வேண்டும். "நின்றதா?" என்று நடுவில் எடுத்துப் பார்த்தால் கட்டிய உறைவும் கையோடு வந்துவிடும். மார்பு, வயிற்றுக் காயங்களில் எதையும் திணிக்காதீர்கள்.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் அரங்கக் குண்டுவெடிப்பு, 2017. அங்கே ஒருவர் தன் மனைவியின் பெல்ட்டை அடிபட்டவரின் காலில் சுற்றி, விடாமல் இழுத்துப் பிடித்தபடியே இருந்தார். சரியான சிகிச்சை நேரத்துக்குக் கிடைத்திருந்தால் அடிபட்டவர் பிழைத்திருக்கக்கூடும் என்று பின்னர் விசாரணை சொன்னது. தீயணைப்புப் படை அரங்கத்துக்குள் வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆகவே பெல்ட்டைக் கிண்டல் செய்யாதீர்கள். அங்கே சொதப்பியது பெல்ட் அல்ல.

டவர்
வீட்டுக்கு உடனே போன் போடுவதுதான் எல்லோரும் செய்வது. லண்டன் குண்டுவெடிப்பு, 2005 ஜூலை 7: ஆல்ட்கேட் சுரங்க ரயில் நிலையத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கு, மீட்புப் பணிக்காக O2 என்ற நிறுவனத்தின் நெட்வொர்க்கில் பொதுமக்களின் மொபைல் அழைப்பையே மூடினார்கள். மூடாவிட்டாலும் நெரிசலில் லைன் கிடைக்காது. எஸ்எம்எஸ் தங்கி நின்று, வழி கிடைத்ததும் போய்விடும். வெளியூரில் இருக்கும் ஒருவரை முன்கூட்டியே பேசி வையுங்கள். குடும்பம் முழுக்க அவருக்கே அனுப்பட்டும். "நலம், இன்ன இடம், இன்ன இடத்துக்குப் போகிறேன்." அவ்வளவு போதும்.

துப்பாக்கிச் சூடு என்றால் உள்ளே சிக்கியவருக்கு நீங்கள் அழைக்கவே கூடாது, பதுங்கிய இடத்தில் மணி அடிக்கும். பதுங்கியவர் வைப்ரேஷனையும் அணைக்க வேண்டும், மேசைமேல் அதிர்ந்தால் அடுத்த அறைக்குக் கேட்கும். நேரலை போடுகிறவர்களிடம் சொல்ல ஒன்று: 26/11-இல் (2008 மும்பைத் தாக்குதல்) தொலைக்காட்சி நேரலை பயங்கரவாதிகளை இயக்கியவர்களுக்கு உதவியதை உச்ச நீதிமன்றமே 2012-இல் கண்டித்தது.

நாலாவது மாடி
எல்லோரும் வெடித்த பிறகு பற்றியே பேசுகிறீர்கள். கேட்பாரற்ற பை கிடந்தால்? மறைத்து வைத்திருக்கிறதா, பார்த்தவுடனே சந்தேகம் தருகிறதா (ஒயர், பேட்டரி, டேப்), அந்த இடத்தில் வழக்கமாகக் கிடக்கிற பொருள்தானா? முதல் இரண்டுக்கு ஆம், கடைசிக்கு இல்லை என்றால் தொடாதீர்கள். 15 மீட்டர் தள்ளிப் போய்த்தான் மொபைலை எடுக்க வேண்டும். பிறகு எல்லோரும் விலக வேண்டிய தூரம்: கைப்பைக்கு 100 மீட்டர், பெட்டிக்கும் காருக்கும் 200, லாரிக்கு 400. கண்ணாடி முகப்புக் கட்டடத்தின் கீழே கூடாதீர்கள். ஜன்னலுக்கு ஓடி வேடிக்கை பார்ப்பதும் அப்படித்தான்: வெளிச்சம் முதலில் வரும், கண்ணாடியை உடைக்கும் அலை பின்னால் வரும்.

கடைசிப் பெட்டி
மும்பை, 2006 ஜூலை 11. புறநகர் ரயில்களில் பதினோரு நிமிடத்தில் ஏழு குண்டுகள். மறுநாள் ரயில் ஓடியது, கூட்டமும் ஏறியது. 'மும்பையின் மனஉறுதி' என்று தலைப்பு போட்டார்கள். ஏறியவர்களில் பலருக்கு வேலைக்குப் போகாமல் வேறு வழியில்லை, அதை உறுதி என்று கொண்டாடிவிட்டால் பாதுகாப்புக் கேள்வியை யாரும் கேட்கமாட்டார்கள். இது என் அபிப்பிராயம், சண்டைக்கு வரலாம்.

ஆனால் ஏறாமல் இருப்பதிலும் ஆபத்து உண்டு. 2001 செப்டம்பர் விமானத் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் விமானத்தைத் தவிர்த்துக் காரில் போனதால் ஓராண்டில் சுமார் 1,500 பேர் கூடுதலாகச் சாலையில் இறந்ததாக ஒரு கணக்கு. போஸ்டனுக்குப் பிந்தைய ஆய்விலும், தினம் ஆறு மணி நேரத்துக்கு மேல் செய்தி பார்த்தவர்களுக்கு, சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிட மன அழுத்தம் அதிகம். டிவியை அணைத்துவிட்டு, முதல் பயணத்தைக் கூட்டம் குறைந்த நேரத்தில், துணையோடு போங்கள். பாதிக்கப்பட்டவரை உட்காரவைத்து "என்ன நடந்தது, சொல்" என்று பிடுங்காதீர்கள்; அவராகப் பேசினால் கேளுங்கள்.

வார்டு ஏழு
கட்டுத்துணிக்கு ஒன்று விட்டுப்போச்சு. கட்டிய நேரத்தை எங்கே எழுதுவது? துணியில் எழுதினால் ரத்தத்தில் அழியும். நெற்றியில் மார்க்கரால் எழுதுங்கள். கட்டின இடத்தின் மேல் போர்வை போட்டு மூடாதீர்கள். ஆம்புலன்சில் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள்.