அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர்

குழு: கோவில்பட்டி வீடு
14 டிசம்பர் 2025, ஞாயிறு

காலை 8:41
கார்த்தி: சீனா தோற்றாச்சு. மனசே சரியில்லை.

அம்மா: யாரிடம் தோற்றது? இந்தியாவிடமா?

பிரியா: அம்மா, அது நாடு இல்லை. ஜான் சீனா. குஸ்திக்காரர்.

அம்மா: இதற்கா ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு எழுந்தான்? காலேஜுக்கு எழுப்பினால் எழுந்திருக்க மாட்டான்.

முருகன் மாமா: எப்படித் தோற்றான்? தோளைத் தரையில் அமுக்கி மூன்று எண்ணியா?

கார்த்தி: இல்லை மாமா. தோல்வியை ஒப்புக்கொண்டு கையால் தட்டிவிட்டார். குந்தர் பின்னாலிருந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. தப்பித்துத் தப்பித்துப் பார்த்தார். கடைசியில் லேசாகச் சிரித்தார், தட்டினார். 'விட்டுக்கொடுக்காதே' என்று சட்டையில் அச்சடித்து விற்ற மனிதர். வாஷிங்டன் அரங்கமே ஊளையிட்டது.

முருகன் மாமா: பிறகு?

கார்த்தி: ஷூவையும் மணிக்கட்டுப் பட்டையையும் கழற்றி ரிங்கிலேயே வைத்தார். ஒரு சல்யூட். போய்விட்டார். 17 முறை பட்டம் வென்றவரை இப்படியா அனுப்புவது?

முருகன் மாமா: அப்படித்தான் அனுப்ப வேண்டும். அந்தத் தொழிலில் பழைய வழக்கம் அது. விடைபெறுகிறவன் தோற்றுவிட்டுப் போக வேண்டும். ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போனால் அந்த ஜெயிப்பு யாருக்கும் பயன்படாது. தோற்றால் குந்தருக்கு ஆயுசுக்கும் சோறு. சீனாவைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இருந்ததில்லை. இன்றைக்கு வந்துவிட்டது.

பாலா மாமா: சிங்கப்பூரில் இருந்து வணக்கம். அண்ணே ஆரம்பித்துவிட்டார். இனி இன்று முழுக்க இதுதான்.

கவிதா அத்தை: எல்லாம் பொய்யான சண்டை. அதற்கு இவ்வளவு பேச்சு.

முருகன் மாமா: பொய் என்று இதை நடத்துகிற WWF கம்பெனியே 1989-லேயே சொல்லிவிட்டது கவிதா. நியூ ஜெர்சி சட்டமன்றத்தில் போய், இது போட்டி இல்லை, பொழுதுபோக்கு என்றார்கள். விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டில் இருந்து கழன்றுகொள்ள. நமக்குத்தான் கோவில்பட்டிக்குச் செய்தி வந்து சேரப் பத்து வருடம் ஆனது.

பாலா மாமா: எனக்கு 1995 வரை அந்தப் பிண வேஷக் குஸ்திக்காரர் அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர். ஐந்து போய்விட்டது, இரண்டு பாக்கி என்று அண்ணே கணக்கு வேறு சொல்வார்.

பிரியா: ஏழா? யார் சொன்னது?

முருகன் மாமா: யாரும் சொல்லவில்லை, எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் தெரியும். அதற்குக் காரணமும் உண்டு. 1994 ஜனவரி ராயல் ரம்பிள் நிகழ்ச்சியில் குண்டன் யோகோசுனாவுடன் சவப்பெட்டிச் சண்டை. பத்துப் பேர் சேர்ந்து அவனைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார்கள். பச்சைப் புகை வந்தது. விளக்கு அணைந்தது. திரையில் பெட்டிக்குள் கண்ணைத் திறந்தான், பிறகு அரங்கத்துக் கூரைக்கு மேலே போனான். ஏழெட்டு மாதம் ஆளே இல்லை. செத்துத் திரும்பினான் என்று நாங்கள் நம்பாமல் என்ன செய்வோம்?

கார்த்தி: திரும்பும்போது இரண்டு அண்டர்டேக்கர் வந்தார்களே மாமா. போலி ஆள் பிரையன் லீ.

முருகன் மாமா: அதே போலிதான் 1996-ல் அக்‌ஷய் குமாரின் இந்திப் படத்தில் வந்தது. அக்‌ஷய் குமார் அண்டர்டேக்கரையே தூக்கிப் போட்டார் என்று இன்றைக்கும் சத்தியம் செய்கிற ஆட்கள் இருக்கிறார்கள். என் ஆபீசில் இரண்டு பேர்.

காலை 9:20
கார்த்தி: ஒப்புக்கொள்ளுங்கள் மாமா, இப்போது இருப்பவர்கள் உங்கள் காலத்து ஆட்களைவிடத் திறமைசாலிகள். ஹல்க் ஹோகனுக்குத் தெரிந்தது ஒரு குத்து, ஒரு பெரிய பூட்ஸ், ஒரு கால் போடுவது. அவ்வளவுதான்.

முருகன் மாமா: அவர் செத்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. கொஞ்சம் மரியாதை.

கார்த்தி: மரியாதை இருக்கிறது. மேட்ச்தான் இல்லை. 1987 பாண்டியாக் சில்வர்டோமில் ராட்சத ஆந்த்ரேவைத் தூக்கினார், சரி. அதற்கு முன்னால் பத்து நிமிடம் இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

முருகன் மாமா: அதைப் போன மாதம்தான் திரும்பப் பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நானே தூங்கிவிட்டேன். ஆனால் ஆந்த்ரேவுக்கு அப்போது முதுகு முழுக்க வலி, அறுவை சிகிச்சை செய்த உடம்பு. அவர் ஒத்துழைக்காமல் ஹோகனால் அசைக்கவே முடிந்திருக்காது. அதே ராத்திரி சாவேஜ், ஸ்டீம்போட் சண்டையையும் பார். பதினைந்து நிமிடம்கூட வராது. சாவேஜ் ஒவ்வொரு அசைவையும் முன்கூட்டியே எழுதி வைத்து ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் ஏறினார். 93,173 பேர் வந்தார்கள் என்று கம்பெனி சொல்வதை நான் நம்பவில்லை. சாவேஜை நம்புகிறேன்.

கார்த்தி: அப்போ சரி, பழசு எல்லாம் பொன் இல்லை.

முருகன் மாமா: பொன் என்று சொன்னேனா? நான் சொல்வது ஒன்றே ஒன்று. இப்போது அடி விழுந்தால் விழுந்த மாதிரி இல்லை. மேல் கயிற்றில் இருந்து ஒருவன் குட்டிக்கரணம் போட்டு மேலே விழுகிறான். வாங்கியவன் நான்காவது விநாடி எழுந்து இவனை உதைக்கிறான். ஒருவனின் முத்திரை அடியே விழுந்தாலும் இரண்டில் தோளைத் தூக்கிவிடுகிறார்கள். மறுபடி அதே அடி. மறுபடி தூக்குகிறார்கள். அப்புறம் அந்த அடிக்கு என்ன மரியாதை?

கார்த்தி: ஹா ஹா. மாட்டிக்கொண்டீர்கள். 2009, கம்பெனியின் வருடாந்தரப் பெரிய நிகழ்ச்சி, ரெசில்மேனியா 25. அண்டர்டேக்கர், ஷான் மைக்கேல்ஸ். உலகத்திலேயே சிறந்த மேட்ச் என்று எனக்குக் கல்யாண வீட்டில் வைத்துப் பாடம் எடுத்தீர்கள். அதில் ஷான் அண்டர்டேக்கரின் முத்திரையான சமாதிக்கல் அடி வாங்கியும் எழுந்தார். அண்டர்டேக்கர் ஷானின் உதை வாங்கியும் எழுந்தார். இதற்கு என்ன பதில்?

காலை 9:34
பிரியா: மாமா டைப் செய்கிறார், நிறுத்துகிறார், டைப் செய்கிறார்.

பாலா மாமா: தோளைத் தூக்குவாரா?

முருகன் மாமா: தூக்கிவிட்டேன். அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தேன். கார்த்தி, நீயும் பார். ஷான் தோளைத் தூக்கியதும் கேமரா அண்டர்டேக்கர் முகத்துக்குப் போகிறது. கண் இரண்டும் வெளியே வந்து விழுகிற மாதிரி நிற்கிறான். பதினெட்டு வருடமாகப் பிணம் மாதிரி நடந்தவன், அன்றைக்கு முதல் தடவை மனுஷனாகிப் போகிறான். அவனுக்கே அதிர்ச்சி. அதனால் எனக்கும் அதிர்ச்சி. இப்போது தோளைத் தூக்கினால் அடித்தவன் தலையைச் சிலுப்பிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறான். அவனே அதிராதபோது நான் எதற்கு அதிர வேண்டும்?

கார்த்தி: இது நல்ல பாயிண்ட். ஆனால் எல்லாரும் அப்படி இல்லை.

முருகன் மாமா: குந்தர் அப்படி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அந்த ஆஸ்திரியாக்காரன் நெஞ்சில் அறைந்தால் இங்கே என் சட்டை ஆடுகிறது.

பிரியா: நானும் ஒன்று சொல்லவா? உங்கள் பொற்காலத்தில் பெண்கள் மேட்ச் என்றால் எதிராளியின் உடையைக் கிழித்தால் வெற்றி. 2019-ல் ரெசில்மேனியாவின் கடைசி மேட்சே மூன்று பெண்களுடையது. பெக்கி லிஞ்ச் இரண்டு பட்டத்தையும் தூக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்துத்தான் நான் பார்க்க ஆரம்பித்தேன்.

முருகன் மாமா: அதற்குப் பதில் இல்லை. அந்த உடை கிழிக்கிற மேட்ச் வரும்போதெல்லாம் நாங்கள் ரிமோட்டைத் தேடி ஓடியிருக்கிறோம். தாத்தா சரியாக அந்த நேரம்தான் தண்ணீர் குடிக்க வருவார்.

அம்மா: தெரியும். ஓடி ஓடி நீங்கள் மாற்றுவது வயலும் வாழ்வும். தாத்தா மெச்சிக்கொள்வார், பையன்கள் விவசாயம் பார்க்கிறார்கள் என்று.

காலை 10:05
கவிதா அத்தை: அந்த மிக் என்கிறவர் கதையைச் சொல்லுங்கள். அன்றைக்கு எனக்குக் காட்டினீர்களே.

முருகன் மாமா: மிக் ஃபோலி. 1998, பிட்ஸ்பர்க். இரும்புக் கூண்டின் உச்சியில் இருந்து அண்டர்டேக்கர் அவரைத் தூக்கி எறிந்தான். 16 அடி. கீழே வர்ணனையாளர் மேசை. ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள், இறங்கி வந்து மறுபடி கூண்டின் மேல் ஏறினார். இரண்டாவது தடவை கூண்டுக் கூரையே பிய்ந்து உள்ளே விழுந்தார். மூக்குக்குள் பல் மாட்டியிருந்தது. பொய் என்கிறாயே, முடிவுதான் பொய். 16 அடி 16 அடிதான்.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. அடுத்த வருடம் ஜனவரியில் அவருக்கும் ராக்குக்கும் ஒரு மேட்ச். ஃபோலி கையில் பின்னால் விலங்கு. ராக் இரும்பு நாற்காலியால் தலையில் அடித்தான். பதினொரு அடி. நான் அப்போது கல்லூரி விடுதி டிவி அறையில் பெஞ்ச் மேல் ஏறி விசில் அடித்தேன். ஃபோலியின் மனைவியும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரியும். அந்தப் பெண் குழந்தை அழுகிற காட்சி பதிவாகி இருக்கிறது. நம் நிலாவுக்கும் இப்போது அந்த வயசுதான். போன மாதம் பழசெல்லாம் போட்டுப் பார்த்தபோது அதை மட்டும் நான்காவது அடியில் நிறுத்திவிட்டேன்.

கார்த்தி: 2010-ல் தலையில் நாற்காலி அடியைத் தடை செய்துவிட்டார்கள் மாமா.

முருகன் மாமா: அந்த விஷயத்தில் உன் காலம்தான் நல்ல காலம். எழுதி வைத்துக்கொள், அடிக்கடி சொல்ல மாட்டேன்.

பாலா மாமா: பிள்ளைகள் அடிபடுவது பற்றி இவ்வளவு உருகுகிற அண்ணேயிடம் ஒரு கேள்வி. 1995, மொட்டை மாடி, மடித்துப் போட்ட இரண்டு மெத்தை. ஞாபகம் இருக்கிறதா?

முருகன் மாமா: டேய். வேண்டாம்.

அம்மா: என்ன அது?

பாலா மாமா: அக்கா, என் முழங்கை உடைந்தது வேப்பமரத்தில் இருந்து விழுந்து இல்லை. அண்ணே என் கழுத்தைப் பிடித்துத் தூக்கி மெத்தையில் போட்டார். அண்டர்டேக்கர் போடுகிற அதே போடு. நான் மெத்தையில் விழவில்லை.

முருகன் மாமா: மெத்தைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தான். அவனுக்கு விழத் தெரியவில்லை. தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு முதுகு முழுக்கப் படும்படி விழ வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன்.

அம்மா: வேப்பமரம் என்றுதானே அப்பாவிடம் சொன்னீர்கள்?

பாலா மாமா: ஆமாம்.

அம்மா: அதனால்தானே அப்பா மறுநாளே ஆள் கூப்பிட்டு அந்தக் கிளையை வெட்டினார்?

முருகன் மாமா: ஆமாம் அக்கா.

அம்மா: என் ஊஞ்சல் கட்டியிருந்த கிளை அது.

காலை 10:31
பிரியா: ஐயோ. அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். பாத்திரச் சத்தம் கேட்கிறது.

கவிதா அத்தை: மதினி பக்கம்தான் நியாயம்.

முருகன் மாமா: அக்கா, புது ஊஞ்சல் வாங்கித் தருகிறேன். இரும்புச் சங்கிலி போட்டது.

பகல் 12:10
பிரியா: ஆச்சி குரல் பதிவு போடச் சொன்னார், வரவில்லை. நான் டைப் செய்கிறேன். 'உங்கள் தாத்தாவும் இதே பைத்தியம்தான். பேப்பரில் தாராசிங், கிங்காங் என்று வந்தால் கத்தரித்து வைப்பார். தாராசிங் பிறகு டிவி ராமாயணத்தில் அனுமாராக வந்தபோது, பார்த்தாயா, நான் அப்போதே சொன்னேன் என்றார். என்ன சொன்னார் என்று எனக்கு இன்று வரை தெரியாது.'

பாலா மாமா: தாத்தாவுக்குக் கத்தரித்த பேப்பர், நமக்குக் குஸ்திக்காரர் படம் போட்ட டிரம்ப் கார்டு. அண்ணேயிடம் இருந்த யோகோசுனா கார்டு மூலை மழுங்கி வட்டமாகிவிட்டது. எடை என்று சொன்னால் எவனாலும் ஜெயிக்க முடியாது.

கார்த்தி: யோகோசுனா ஜப்பான்காரரே இல்லை தெரியுமா? சமோவா குடும்பம். இப்போது இருக்கிற ரோமன் ரெய்ன்ஸ் அதே குடும்பம்தான். ரிக்கிஷியும்.

முருகன் மாமா: ரிக்கிஷி? மஞ்சள் முடி, கண்ணாடி போட்டு ஆடுவானே, அவனா?

கார்த்தி: அவரேதான். அவருடைய இரட்டைப் பிள்ளைகள்தான் இப்போது குஸ்தி போடுகிற ஜிம்மி, ஜே. ரோமனின் அப்பாவுடைய அக்கா தங்கை வழியில் பிறந்தவர் ரிக்கிஷி.

அம்மா: அப்படியானால் ரிக்கிஷி ரோமனுக்கு அத்தை மகன். அந்த இரட்டைப் பிள்ளைகளுக்கு ரோமன் மாமன் முறை.

பிரியா: அம்மா திரும்பி வந்துவிட்டார்!

கார்த்தி: அம்மா, முழுக்கதையே அதுதான். 2020 ஆகஸ்டில் இருந்து 1,316 நாள் ரோமன்தான் சாம்பியன். குடும்பத்துக்கே நான் தலைவன், என்னை ஒப்புக்கொள் என்று அந்த ஜேயை அடித்து அடித்துக் கட்டுப்பட வைப்பார். நடுவில் சாமி ஜெயின் என்று ஒரு வெளி ஆள், தாடிக்காரன், கோமாளி மாதிரி வந்து ஒட்டிக்கொண்டு அந்தக் குடும்பத்திலேயே ஒருவனாகிவிடுவான்.

அம்மா: பெயரே சாமியா?

பிரியா: ஆமாம். அவனுடைய பழைய நண்பனைக் கயிற்றில் விலங்கு போட்டுக் கட்டி வைத்து அடிப்பார்கள். ரோமன் சாமி கையில் நாற்காலியைக் கொடுத்து, நீ அடி என்பார்.

அம்மா: அடித்தானா?

முருகன் மாமா: கார்த்தி, நான் சொன்ன மாதிரிதான் இது. யார் அடி வாங்கினால் யாருக்கு வலிக்கிறது என்று தெரிகிறது. இதை நான் பார்க்கவே இல்லையே. எந்த வருடம்?

கார்த்தி: 2023 ராயல் ரம்பிள். லிங்க் அனுப்புகிறேன். அதற்கு முன்னால் ஆறேழு மாதக் கதை பார்க்க வேண்டும், குதித்துப் போகாதீர்கள்.

முருகன் மாமா: ஊஞ்சல் வாங்கப் போகிறேன். ராத்திரி பார்க்கிறேன்.

இரவு 9:48
அம்மா: சாமி ரோமன் முதுகிலேயே ஒன்று வைத்துவிட்டான்.

பிரியா: மத்தியானத்தில் இருந்து டிவி என்னிடம் இல்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

அம்மா: மற்றவர்கள் எல்லாரும் சாமியைப் போட்டு அடிக்கிறார்கள், இந்த ஜே மட்டும் கையே வைக்காமல் இறங்கிப் போகிறானே. அவன் முகத்தைப் பார்த்தீர்களா?

முருகன் மாமா: அக்கா, சொல்லாதே! நான் இன்னும் நவம்பர் மாதத்தில்தான் இருக்கிறேன்.

அம்மா: நல்லா வேணும். ஊஞ்சலைக் கெடுத்தவனுக்கு முடிவைச் சொன்னால் தப்பே இல்லை. பிரியா, அடுத்ததைப் போடு, மாவைக் கரைத்து வைத்துவிட்டு வருகிறேன்.