சீன மொழி தெரிந்தவர்களே, 'வூ ஜி' வசவா இல்லையா?

வணக்கம். ஹெச்எஸ்கே (சீன மொழித் திறன் தேர்வு) ஆறாம் நிலைச் சொற்களைப் படிக்கும்போது 'வூ ஜி'யில் சிக்கிக்கொண்டேன். வூ என்றால் இல்லை, ஜி என்றால் அறிதல், சேர்த்தால் அறியாமை. இதுவரை சரி.

'நியென் யோ வூ ஜி' என்றால் சின்ன வயது, விவரம் தெரியாது என்று மன்னித்துவிடும் தொனி. 'யூமெய் வூ ஜி' என்றாலோ அப்பட்டமான வசவு. வளர்ந்த ஆளைப் பார்த்து 'நீ ஹென் வூ ஜி' (நீ ரொம்ப அறியாமை பிடித்தவன்; இந்த 'நீ' நம்ம 'நீ'யேதான்!) என்றால் எவ்வளவு உறைக்கும்?

அப்புறம், மேலாளருக்கு எழுதும் மின்னஞ்சலில் 'இதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது' என்பதற்கு 'யீ வூ சுவோ ஜி' போடலாமா? அலட்சியமாகத் தொனிக்குமா? 'பூ ஜிதாவ்' (தெரியாது) ரொம்பப் பேச்சுவழக்காகப் படுகிறது. அகராதி விளக்கம் வேண்டாம். சீனாவில் வேலை பார்ப்பவர்கள் நிஜமாக எப்படி எழுதுகிறார்கள் என்று சொல்லுங்கள்.