மறு: மறு: டியூரல் டெயில் – தமிழில் என்ன?

வணக்கம். நாய்களின் மூளைக்கட்டி பற்றிய பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தமிழ்ச் சொல் அமையாமல் டியூரல் டெயில் மட்டும் இழுக்கிறது. மெனிஞ்சியோமா மூளையுறையில் கிளம்பி, வெளியிலிருந்து மூளையை அழுத்தும் கட்டி. காடோலினியம் என்ற ஒளிர்வு மருந்தைச் செலுத்தி எம்.ஆர்.ஐ. எடுத்தால் கட்டி பளிச்சென்று தெரியும். ஒட்டியுள்ள டியூராவும் (மூளையுறையின் கடினமான வெளிப்படலம்) தடித்து ஒளிர்ந்து, வரவர மெலிந்து வால்போல் நீளும். ‘வால் அறிகுறி’ என்று எழுதினேன். மாணவர்கள் நாயின் வாலைப் பார்க்கிறார்கள்!

---

> டெயில் மட்டும் இழுக்கிறது

‘வன்றாய்வால்’ என்க. டியூரா மேட்டர் என்றால் கடினத் தாய். அரபு மருத்துவர்கள் உறையை ‘மூளையின் தாய்’ என்றார்கள். லத்தீன் அதை அப்படியே பெயர்த்துக்கொண்டது. வன் + தொண்டர் வன்றொண்டர் ஆனால் வன் + தாய் வன்றாய்தானே? நன்னூலே துணை. நிற்க, குறிப்பில் ‘நாய்க்குட்டி’ கண்டேன். தொல்காப்பிய மரபியல்படி அது ‘குருளை’.

---

ஐயா, குருளைக்கு இங்கே வேலை இல்லை. ஐந்து வயது தாண்டிய நாய்க்கு முதன்முறை வலிப்பு வந்தால்தான் எங்களுக்குக் கட்டி நினைவே வரும். ‘வன்றாய்’ என்று போட்டால் என் மாணவர்கள் ‘வன்நாய்’ என்று வாசிப்பார்கள்.

‘அறிகுறி’யும் வேண்டாம். வலிப்பு, வட்டமடித்து நடப்பது, இவை அறிகுறி. படத்தில் காண்பது படக்குறி. இந்த வால் அழற்சியிலும் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றிலும்கூட வரும். திசுவை எடுத்துப் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது. ஆகவே கட்டியின் பெயரைச் சொல்லில் ஏற்றாதீர்கள். என் வாக்கு ‘உறைவால்’.

---

> உறைவால்

உறை என்றால் மூன்று படலமும் அடக்கம். உள்ளே மென்படலம் மட்டும் ஒளிர்ந்தால் அது வேறு கதை. ‘வன்படலத் தோகை’?

---

தோகை விரியும், இது மெலியும். சண்டையில்லாமல் ஒன்றாவது தேறியதா? கிளையோமாவுக்கு ‘வளைய ஒளிர்வு’ என்று போட்டிருக்கிறார், யாரும் மூச்சு விடவில்லை. கிளையோமா மூளைத் திசுவுக்குள்ளேயே வளரும் கட்டி, பாக்ஸர், பாஸ்டன் டெரியர் போன்ற குட்டை மூக்கு இனங்களில் அதிகம் காண்பது. வகுப்பில் அதைத்தான் அதிகம் கேட்பார்கள்.

---

அனைவருக்கும் நன்றி. பெரும்பான்மைப்படி ‘உறைவால் படக்குறி’. முதல் இடத்தில் மட்டும் பிறைக்குறிக்குள் டியூரல் டெயில். இன்றிரவு பக்கங்களை அனுப்புகிறேன்.

---

> பெரும்பான்மைப்படி

மூவர் பெரும்பான்மையா? ‘உறை’ பிழை என்பதில் மாற்றமில்லை. மறுபதிப்பில் ‘வன்படல’ என்று திருத்தக் கேட்பேன்.

---

குருளைக்குத் தனி இழை தொடங்கியிருக்கிறேன்.